இரண்டு அங்குலம் எழும் கார்

என் கணவர் ஆசைப்பட்டு வாங்கிய காரை அவர் ஓட்டியது ஒன்பது மாதம். அதற்குப் பிறகு ஓட்டியது நான்தான். எனக்குக் கார் மேல் ஆசை என்று ஒன்று இருந்ததே இல்லை.

அவர் தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் மெஷின்களைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர். நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் தண்ணீர் பாட்டில்களுக்கு மூடி செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். பெல்ட்டில் ஓடிவரும் மூடிகளைப் பார்த்து, விளிம்பு சரியில்லாததைப் பொறுக்கி எறிய வேண்டும். கவரைப்பேட்டைக்கு மேற்கே, அவருடைய அப்பா விட்டுப்போன நெல்வயலை ஒட்டி வீடு. ஒரே மகள். அவள் திருவள்ளூரில் கல்லூரி விடுதிக்குப் போன வருடம்தான் அவர் அந்தக் காரை வாங்கினார். பழைய கார், வெள்ளை நிறம், ஆனால் எஞ்சின் நன்றாக இருக்கிறது என்றார். வாங்கிய இரண்டாவது மாதமே செங்குன்றத்துப் பக்கம் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய், ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டுக் குட்டையான ஸ்பிரிங்குகளைப் போட்டுத் தரையோடு தரையாக இறக்கிக்கொண்டு வந்தார்.

நான் வாசலில் நின்று பார்த்தேன். சக்கரங்கள் பாதி உள்ளே போய்விட்டிருந்தன. உட்கார்ந்த மாடு மாதிரி இருந்தது வண்டி.

"எப்டி கீது?" என்று கேட்டார்.

"காத்து போயிட்ட மாதிரி கீது" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த நாட்களில் அவரைக் கோபப்படுத்துவது கஷ்டம். இருபது வருடம் பைக்கில் ஷிப்டுக்குப் போய் வந்த மனிதர். யாரோ ஒரு பொறியாளரின் கார் அப்படித் தாழ்ந்து, கேட்டைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போவதைப் பல வருடம் பார்த்திருக்கிறார். அதை எனக்குச் சொன்னதில்லை. ரொம்ப நாள் கழித்து, நானாகக் கேட்டபோதுதான் தெரிந்தது.

தாழ்த்திய பிறகுதான் சிக்கல் தெரிந்தது. வீட்டுக்குள்ளேயே வண்டி ஏறவில்லை. மழைக்காலத்தில் தண்ணீர் வருமென்று வீட்டை உயர்த்திக் கட்டியிருந்தோம். தெருவிலிருந்து கேட்டுக்கு ஏறும் சரிவில் காரின் மூக்கு முட்டியது. முதல் வாரம் இரண்டு பலகைகளைப் போட்டு ஏற்றினார். ஊருக்குள் வேகத்தடைக்கு வேகத்தடை அடியில் உரசும் சத்தம். கடைசியில் மறுபடியும் அதே மெக்கானிக்கிடம் போய், இதற்கென்றே இருக்கும் ஒரு ஏற்பாட்டைச் செய்துகொண்டு வந்தார். முன் ஸ்பிரிங்குகளின் தலையில் கிண்ணம் மாதிரி இரண்டு காற்றுக் கப்புகள். டிக்கியில் ஒரு சின்ன கம்ப்ரசர், தண்ணீர்க் குடம் அளவுக்கு ஒரு காற்று டாங்கி. கியருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்விட்ச். அதை மேலே தள்ளினால் வண்டியின் முன்பக்கம் இரண்டு அங்குலம் எழும். வேகத்தடையைத் தாண்டியதும் கீழே தள்ளினால், புஸ்ஸென்று பெருமூச்சு விட்டுவிட்டு இறங்கிக்கொள்ளும்.

பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு அதைக் காட்டினார். மகள் வந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கும் காட்டினார். அவள் தூக்கி இறக்கித் தூக்கி இறக்கி வீடியோ எடுத்துக்கொண்டாள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

அந்தத் தை மாதம், அறுவடை முடிந்த நேரத்தில், எங்கள் போர்வெல் மோட்டார் நின்றுபோனது. மோட்டாரை மேலே எடுக்க அவரும் ஊர்க்காரர்கள் இரண்டு பேரும் போனார்கள். குழாயை ஒவ்வொரு துண்டாகத் தூக்கிக் கழற்றும்போது கிளாம்ப் வழுக்கியிருக்கிறது. அவர் பிடியை விடாமல் இருந்திருக்கிறார். விட்டிருந்தால் மோட்டார்தான் போயிருக்கும். விடாததால் குழாயோடு சேர்ந்து பக்கத்துத் தொட்டிச் சுவரில் முதுகு அடிக்க விழுந்தார். எனக்கு ஷிப்டில் போன் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் வரப்பில் மல்லாந்து படுத்திருந்தார். வானத்தைப் பார்த்துக்கொண்டு, மெதுவான குரலில், "கால் கீதான்னு பாரு" என்றார். கால் இருந்தது. அதை நான் தொட்டது அவருக்குத் தெரியவில்லை.

சென்னையில் ஆபரேஷன் நடந்தது. முதுகுத்தண்டில் இரண்டு எலும்புகள் உடைந்திருந்தன. கம்பியும் திருகும் வைத்துச் சேர்த்தார்கள். வலது காலில் உணர்ச்சி திரும்பியது. இடது கால் பாதிதான். நடப்பார், ஆனால் எப்போது என்று சொல்ல முடியாது, பயிற்சியை மட்டும் விடக்கூடாது என்றார் டாக்டர். வாரத்துக்கு மூன்று நாள் பொன்னேரியில் பிசியோதெரபி என்று முடிவானது.

முதல் தடவை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். தச்சூர் கூட்டுரோடு வருவதற்குள் அவருடைய சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. கம்பியைப் பிடித்திருந்த கை வெளுத்துப்போயிருந்தது. திரும்பி வந்து படுக்கையில் படுத்த பிறகு, "இன்னொரு தபா ஆட்டோ வேணாம்" என்றார். வாடகைக் காருக்குச் சொல்லிப் பார்த்தோம். வருகிறேன் என்பவர் வருவதில்லை. வருபவர் அவசரத்தில் ஓட்டுகிறார்.

என்னிடம் லைசென்ஸ் இருந்தது. மகள் பத்தாவது படிக்கும்போது, சும்மா இருக்கட்டும் என்று இருவருமாகச் சேர்ந்து டிரைவிங் ஸ்கூலில் போய் வாங்கியது. அதன்பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. வயலுக்குப் போகும் மண்சாலையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை காரை உருட்டிப் பார்த்தேன். அவர் ஜன்னலோரம் கட்டிலில் படுத்தபடி சத்தத்தை வைத்தே சொல்வார். "கிளட்ச்ச சீக்கிரம் வுடற." "இப்ப ரெண்டாவது போடு." நான் வெளியே இருந்து, "கேக்குது, கேக்குது" என்பேன். மூன்றாவது ஞாயிறு அவரை முன் சீட்டில் சாய்த்து உட்காரவைத்து, இடுப்புக்கு மேல் பெல்ட்டைக் கட்டி, முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்து, பொன்னேரிக்கு ஓட்டிப் பார்த்தேன். பதினெட்டு கிலோமீட்டர். ஒன்றேகால் மணி நேரம் ஆனது.

அந்த வழியில் எத்தனை வேகத்தடை இருக்கிறது என்று அதற்கு முன்னால் யாராவது கேட்டிருந்தால் நாலைந்து என்று சொல்லியிருப்பேன். பதினான்கு. எங்கள் ஊர் அம்மன் கோயில் முன்னால் ஒன்று. ரேஷன் கடை முன்னால் இரண்டு, அடுத்தடுத்து. கல்யாண மண்டபத்துக்கு முன்னால் ஒன்று, ஆள் படுத்த மாதிரி அகலமானது. பள்ளிக்கூடம், நெல் கொள்முதல் நிலையம், சர்வீஸ் ரோடு சேரும் இடம். பிறகு பெரிய ரோட்டில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே கொஞ்ச தூரம். கூட்டுரோட்டில் திரும்பினால் மறுபடியும் ஆரம்பம்.

தூக்கியபடியே ஓட்டிவிடலாமே என்றுதான் எனக்கும் தோன்றியது. முதல் நாளே அப்படிச் செய்து பார்த்தேன். காற்று ஏறியிருக்கும்போது வண்டி விறைத்துக்கொள்கிறது. ஒரு சின்னக் கல்லின் மேல் ஏறினாலும் அது அப்படியே சீட்டுக்கு வருகிறது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "எறக்கிடு" என்றார். ஆகவே ஒவ்வொரு தடைக்கும் முன்னால் நிற்க வேண்டும், தூக்க வேண்டும், ஊர்ந்து தாண்ட வேண்டும், இறக்க வேண்டும். பின்னால் வருபவர்கள் ஹாரன் அடிப்பார்கள். டிக்கியில் கம்ப்ரசர் கர்ரென்று கத்தும். ஆரம்பத்தில் ஸ்விட்ச்சையும் நானே பார்த்துக்கொண்டேன். ரேஷன் கடை இரண்டாவது தடையில் ஒரு நாள் மறந்துவிட்டேன். அடியில் முட்டிய அதிர்ச்சியில் அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து, "அத்த நான் பாத்துக்கறேன். நீ ரோட்ட பாரு" என்றார்.

அதிலிருந்து ஸ்விட்ச் அவர் வேலை. நான் "பிரேக்கர்" என்பேன். அவர் விரலால் தள்ளுவார். தாண்டியதும் "ம்" என்பேன். இறக்குவார். சில நாள் போகவும் வரவும் எங்களுக்குள் நடந்த பேச்சு இந்த இரண்டு சொல்தான். முப்பது நாள் கழித்து நான் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லாமல் போனது. அவருக்கே எல்லாத் தடையும் மனப்பாடம். கண்ணை மூடியபடியே, நான் பிரேக்கில் கால் வைக்கும்போது தள்ளிவிடுவார்.

என்னுடைய ஷிப்ட் காலை ஆறு மணிக்கு. நாலு மணிக்கு எழுந்து அவருக்குத் துடைத்து, உடை மாற்றி, நாஷ்டாவும் மதியச் சோறும் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு, கம்பெனி வேனைப் பிடிப்பேன். நடுவில் பக்கத்து வீட்டு அக்கா இரண்டு தடவை வந்து எட்டிப் பார்ப்பார். இரண்டு மணிக்கு ஷிப்ட் முடியும். மூன்று மணிக்கு வீடு. நாலரை மணிக்குப் பொன்னேரியில் பயிற்சி. மூடிகளைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிந்துகொண்டிருக்கும். சிவப்பு மூடி ஓடின நாளென்றால் ரோடே கொஞ்ச நேரம் பச்சையாகத் தெரியும். பயிற்சி நடக்கும் முக்கால் மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். உள்ளேயிருந்து அவர் எண்ணும் சத்தம் கேட்கும். எட்டு, ஒம்போது, பத்து. சில நாள் அந்தப் பத்து வருவதற்குள் நான் தூங்கிவிடுவேன்.

கோபம் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். வேறு எந்தக் காராக இருந்தாலும் இந்தப் பாதி வேலை கிடையாது. ஒரு நாள் திரும்பி வரும்போது, கல்யாண மண்டபத்துத் தடைக்கு முன்னால், டாங்கியில் காற்று சேரட்டும் என்று காத்துக்கொண்டிருந்தோம். அப்போது கேட்டேவிட்டேன்.

"எதுக்குங்க இத எறக்கினீங்க? இன்னா வந்துச்சி அதுல?"

அவர் ரோட்டைப் பார்த்தபடி இருந்தார். "ஒண்ணும் வரல" என்றார். பிறகு, "எங்க கம்பெனில ஒரு சார் இது மாதிரி வெச்சிருந்தாரு. கேட்டாண்ட வரும்போது செக்யூரிட்டி எந்திரிச்சி நிப்பான். வண்டியதான் பாப்பான். நானும் பாப்பேன்" என்றார்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

காற்று சேர்ந்துவிட்டது. ஸ்விட்ச்சைத் தள்ளினார். நாங்கள் ஏறி இறங்கினோம். அதற்கு மேல் அதைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் களைப்பு குறையவில்லை.

ஆறு மாதம் இப்படி ஓடியது. அவர் வாக்கரைப் பிடித்து நிற்க ஆரம்பித்தார். பிறகு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே நடந்தார். ஐப்பசி மழையில் ரோடெல்லாம் குழியானது. வண்டிக்கும் வயதானது. இடது பக்கக் கப்புக்குப் போகும் குழாயில் எங்கேயோ காற்று கசிந்தது. வண்டி ஒருபக்கமாகத் தலையைச் சாய்த்து எழும். டாங்கி சீக்கிரம் காலியாகிவிடும். மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும் என்று வாரத்துக்கு வாரம் சொல்லிக்கொண்டோம். செங்குன்றம் போய் வர ஒரு நாள் வேண்டும். என்னிடம் அந்த ஒரு நாள் இல்லை.

கார்த்திகையில் ஒரு புதன்கிழமை. சர்வீஸ் ரோட்டில் ஒரு லாரி கவிழ்ந்து வழியை அடைத்துக்கொண்டிருந்ததால் பக்கத்து ஊர் வழியாகச் சுற்றிக்கொண்டு போனோம். ஏரிமண் ஏற்றிக்கொண்டு டிப்பர்கள் பறக்கும் வழி அது. முந்தின நாள் ஒரு டிப்பர் யாருடைய ஆடுகளின் மேலேயோ ஏறியிருக்கிறது. ஊர்க்காரர்கள் உடைந்த கான்கிரீட்டையும் மண்ணையும் கொட்டித் தாங்களாகவே ஒரு வேகத்தடை போட்டிருந்தார்கள். வெள்ளைக்கோடு கிடையாது, பலகை கிடையாது. வளைவு திரும்பியதும் எதிரில் நின்றது.

நான் பிரேக் போட்டேன். அவர் ஸ்விட்ச்சைத் தள்ளினார். கம்ப்ரசர் கத்தியது. வண்டி எழவில்லை. அரை அங்குலம் எழுந்து, இடது பக்கம் சரிந்து, அப்படியே உட்கார்ந்துவிட்டது. முன்சக்கரங்கள் ஏற்கெனவே மேட்டில் ஏறியிருந்தன. நிறுத்திவிடலாம் என்று நினைப்பதற்குள் அவை அந்தப் பக்கம் இறங்கிவிட்டன. காரின் வயிறு மேட்டின் மேல் உட்கார்ந்த சத்தம் எனக்கு இப்போதும் தெரியும். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. சக்கரம் மண்ணில் சுற்றியது.

"நிறுத்து" என்றார். "நிறுத்திடு. சூடாவும்."

எஞ்சினை அணைத்தேன். அவர் முகம் மஞ்சளாக இருந்தது. "வலிக்குதா?" என்றேன். "இன்னா பண்லாம் இப்ப?" என்றார். அது என் கேள்விக்குப் பதில் இல்லை. ஆனால் பதில்தான்.

அவரை இறக்கினால் வண்டி கொஞ்சம் எழும். ஆனால் வாக்கரை நாங்கள் எடுத்து வரவில்லை. பிசியோதெரபி இடத்திலேயே ஒன்று இருக்கிறது என்று நான்தான் வேண்டாம் என்று வைத்துவிட்டு வந்தேன். நான் கீழே இறங்கி வண்டியைச் சுற்றி வந்தேன். குனிந்து பார்த்தேன். எனக்குப் புரிகிற மாதிரி அங்கே ஒன்றும் இல்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. கொஞ்ச நேரம் உட்காரவும் செய்தேன்.

ரோட்டை ஒட்டிய வாய்க்காலில் நூறுநாள் வேலைப் பெண்கள் தூர்வாரிக்கொண்டிருந்தார்கள். புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டுக்கொண்டு, தலையில் துண்டு. அவர்களில் வயதான ஒருவர் மேலே ஏறி வந்தார்.

"இன்னாம்மா, மாட்டிக்கினியா?"

"வண்டி அடில தட்டி நிக்குதுக்கா."

"உள்ளாற கீறவர எறங்கச் சொல்லு. எறங்கினா லேசா போவும்."

"முதுகுல ஆபரேஷன். அவரால நிக்க முடியாது."

அந்த அம்மா ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தார். என் கணவர் எதிர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த அம்மா திரும்பி மற்றவர்களைக் கூப்பிட்டார். எட்டுப் பேர் வந்தார்கள். ஒருத்தி மண்வெட்டியை ஓங்கினாள், மேட்டைக் கொஞ்சம் செதுக்கிவிடலாம் என்று. உடனே இன்னொருத்தி தடுத்தாள்.

"நேத்துதான் போட்டாங்க, அத்த ஒடைக்காத. அப்பறம் யாரு போடுவா?"

"அப்ப இன்னா பண்றது?"

"தூக்குவோம்."

அவர்கள் பேசிக்கொண்டது இவ்வளவுதான். முன்பக்கத்துக்குப் போய்ப் பக்கத்துக்கு நாலு பேராக நின்று, சக்கரத்துக்கு மேலே இருக்கும் வளைவில் கைகொடுத்தார்கள். கைகளில் வாய்க்கால் சேறு. வயதான அம்மா என்னைப் பார்த்து, "நீ ஏறி உக்காரு. நாங்க தூக்கனதும் பின்னால வுடு. சட்டுனு வுடாத, மெதுவா வுடு" என்றார்.

நான் ஏறி ரிவர்ஸ் போட்டேன். எதிரில் கண்ணாடி முழுக்க அவர்களுடைய முகங்கள். தூக்கும்போது எல்லோரும் ஒரே பக்கம் வாயைக் கோணிக்கொண்டார்கள். வண்டி எழுந்தது. கம்ப்ரசர் தூக்குவது போல இல்லை. சத்தமில்லாமல், கொஞ்சம் ஆடி, எழுந்தது. கிளட்ச்சை விட்டேன். அடியில் நீளமாக ஒரு உரசல். சக்கரங்கள் மேட்டின் மேல் ஏறிப் பின்னால் இறங்கின. இறங்கியபோது ஒரு குலுக்கல். அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. வார்த்தை இல்லை, சத்தம்தான். அவ்வளவு நாளில் ஒரு தடவைகூட அவர் அப்படிச் சத்தம் போட்டதில்லை.

நான் இறங்கினேன். ஒருத்தி தன்னுடைய தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். வயதான அம்மா மறுபடியும் ஜன்னலிடம் போனார்.

"மனச வுட்றாத நைனா. எங்க ஊட்டுக்காரரும் மரத்துலேருந்து வுழுந்து ஒரு வருசம் படுத்துக்கினு இருந்தாரு. இப்ப மாடு ஓட்டிக்கினு போறாரு" என்றார்.

என் கணவர் தலையை ஆட்டினார். நன்றி சொல்ல வாயெடுத்தார் என்று நினைக்கிறேன். அவர்கள் வாய்க்காலுக்கு இறங்கிப் போய்விட்டார்கள்.

அன்று பொன்னேரிக்குப் போகவில்லை. வந்த வழியிலேயே திரும்பினோம். வழியில் எந்தத் தடையிலும் நான் ஏறவில்லை. ஓரத்தில் மண்ணில் இறக்கி இறக்கிப் போனேன். ரொம்ப நேரம் கழித்து அவர் கேட்டார்.

"எத்தினி பேரு தூக்கினாங்க?"

"எட்டு பேரு."

"எட்டு பேரா?" என்றார்.

இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் வலி என்று நினைத்தேன். டாக்டருக்குப் போன் செய்து மாத்திரையைக் கூட்டிக் கேட்டேன். மூன்றாம் நாள் நான் ஷிப்டிலிருந்து வந்து சட்டையை மாற்றிக்கொண்டிருந்தபோது, கட்டிலில் உட்கார்ந்தபடி, "பழைய ஸ்பிரிங்க போட்டுரலாம்" என்றார்.

எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இத்தனை மாதம் நான் கேட்க நினைத்துக் கேட்காததை அவரே சொல்கிறார். ஆனால் என் வாயில் வந்தது வேறு.

"வேணாங்க. கொழாயத்தான சரி பண்ணணும். பண்ணிக்கலாம். நீங்க நல்லாயிட்டு ஓட்டுவீங்க இல்ல, அப்ப இருக்கட்டும்."

அவர் என்னைப் பார்த்தார். "நல்லாயிட்டாலும் இதுல நான் ஏறி எறங்க முடியாது மே. குனிஞ்சி உக்கார முதுகு வளையாது. எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்."

தெரியும். கம்பி வைத்த இடம் வளையாது என்று டாக்டர் முதல் மாதமே என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அவரிடமும் தனியாகச் சொல்லியிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒன்பது மாதமாக இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடையிலும் அந்த ஸ்விட்ச்சைத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறோம். நான் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். துக்கம் என்று சொல்ல முடியாது. கனமான மூட்டையை இறக்கும்போது கை நடுங்குமே, அது மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் வீட்டுக்கே வந்தார். ஆந்திரப் பக்கத்துக்காரர், எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். பழைய ஸ்பிரிங்குகள் மோட்டார் கொட்டகையில் சாக்கில் சுற்றிக் கிடந்தன. அங்கே போய் எடுத்துவர எனக்கு மனமில்லை. மெக்கானிக்கே போய் எடுத்து வந்தார். துரு பிடித்திருந்தது, ஆனால் நல்ல ஸ்பிரிங் என்றார்.

என் கணவர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முழுவதையும் பார்த்தார். மெக்கானிக் ஜாக்கி போட்டுச் சக்கரம் கழற்றினார். காற்றுக் கப்புகள், டாங்கி, கம்ப்ரசர், நீளநீளமான நீலக் குழாய்கள் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்து சாக்கின் மேல் கிடந்தன. பிரித்துப்போட்டுப் பார்த்தால் ஒன்றுமில்லாத சாமான்கள்.

"ஸ்விட்ச்ச எடுத்துடட்டா நைனா? ஓட்டை தெரியும், மூடி போட்டுடறேன்" என்றார் மெக்கானிக்.

"எடுத்துடுங்க" என்றார் அவர். "டாங்கிக்கி வால்வு போட்டு வெச்சா டயருக்குக் காத்து அடிக்க ஆவும். நீங்களே எடுத்துக்கினு போங்க. எனக்கு வேணாம்."

மதியச் சோறு போட்டேன். மூன்று பேரும் வாசலிலேயே சாப்பிட்டோம். சாயங்காலம் ஜாக்கியை இறக்கியபோது வண்டி, எல்லா வண்டியையும் போல, காலூன்றி நின்றது. அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னா இது, ஆட்டோ மாதிரி ஆயிடுச்சி" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். மெக்கானிக்கும் சிரித்தார். பிறகு என் கணவர் வாக்கரை வைத்து நாலடி நடந்துபோய், கதவைத் திறந்து, திரும்பிப் பின்பக்கம் சீட்டில் படும்படி நின்று, மெல்ல உட்கார்ந்தார். யாரும் பிடிக்கவில்லை. சீட் சரியான உயரத்தில் இருந்தது. ஒரு காலை உள்ளே தூக்கி வைத்தார். இடது காலைக் கையால் எடுத்து வைத்தார். மூச்சு வாங்கியபடி என்னைப் பார்த்து, "வுடு" என்றார். வீட்டுச் சரிவில் பலகை இல்லாமல் இறங்கினோம். அம்மன் கோயில் வரைக்கும் போய்த் திரும்பினோம்.

அதன் பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் பயிற்சிக்கு ஓட்டினேன். வாரம் மூன்று, பிறகு இரண்டு, பிறகு ஒன்று. பதினான்கு தடைகளும் அப்படியேதான் இருக்கின்றன. மெதுவாக ஏறி இறங்குகிறேன். அவருக்கு முதுகு வலிக்கத்தான் செய்யும். முன்பு போல இல்லை. அவர் இப்போது கைத்தடியோடு நடக்கிறார். கம்பெனியில் பழைய வேலை இல்லை. ஸ்டோரில் உட்கார்ந்து கருவிகளைக் கொடுத்து வாங்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறார். சாயங்காலம் வந்ததும் கால் மரத்துப்போய்விடும். நான் எண்ணெய் போட்டுத் தேய்ப்பேன். சில நாள் தேய்க்க முடியாத அளவுக்கு எனக்கே கை வலிக்கும். அப்போது அவரே தேய்த்துக்கொள்வார்.

போன மாதம் ஒரு லீவு நாளில் அவருடைய ஸ்கேன் படங்களை வாங்கிவரச் செங்குன்றம் போக வேண்டியிருந்தது. நான் மட்டும் போனேன். பக்கத்து சீட்டில் யாரும் இல்லாமல் அவ்வளவு தூரம் ஓட்டியது அதுதான் முதல் தடவை. திரும்பி வரும்போது சோழவரத்தில் வண்டியை ஏரிப்பக்கம் திருப்பினேன். ஏன் என்று தெரியாது. கரையோரம் வேலமரத்து நிழலில் நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கிவிட்டு, சீட்டைச் சாய்த்துப் படுத்தேன். ஏரியில் தண்ணீர் கொஞ்சம்தான் இருந்தது. நடுவில் கொக்குகள் நின்றன. எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை.

போன் அடித்து எழுந்தேன். அவர்தான்.

"எங்க கீற?"

"சோழவரம் ஏரியாண்ட."

"வண்டிக்கி இன்னா?"

"வண்டிக்கி ஒண்ணுமில்ல. சும்மாதான் நிக்கறேன். தூக்கம் வந்துச்சி."

பிறகு, "சாப்டியா?" என்றார்.

"இல்ல."

"நான் சோறு வெச்சி எறக்கிட்டேன். ரசம் இருக்குது. நீ நல்லா தூங்கி எந்திரிச்சே வா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மணி ஒன்றரைதான் ஆகியிருந்தது. ஜன்னல் வழியாக நல்ல காற்று வந்தது. இன்னும் பத்து நிமிடம் என்று நினைத்து மறுபடியும் கண்ணை மூடினேன்.